கல் பட்டறைக்கு வாங்கிய ரப்பர் மாஸ்க்

மயிலாடி பக்கம் கருங்கல்லில் கிரைண்டர் பிடிக்கிறவர்கள் எல்லாரும் இதை வாங்குங்கள், முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூக்கையும் வாயையும் சேர்த்து மூடுகிற ரப்பர் மாஸ்க், இரண்டு பக்கமும் கழற்றி மாட்டுகிற பி100 பில்டர். நாகர்கோவிலில் வாங்கினேன். நாம் வழக்கமாகக் கட்டுகிற துண்டு கண்ணுக்குத் தெரிகிற பொடியைத்தான் தடுக்கும், ஆளைக் கெடுப்பதோ கண்ணுக்குத் தெரியாத பொடி.

கருங்கல்லில் குவார்ட்ஸ் என்கிற கனிமம் இருக்கிறது. பெரிய தூசி மூக்கிலும் தொண்டையிலும் சிக்கிச் சளியோடு வெளியே வந்துவிடும். ஆனால் பிளேடு அரைத்துப் பறக்கவிடும் 5 மைக்ரானுக்குக் (ஒரு மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) குறைவான தூள் நுரையீரலின் கடைசிக் காற்றுப்பை வரை போய்விடும், அங்கே அதைத் தள்ளி வெளியேற்றச் சளியும் இல்லை, நுண்முடிகளும் இல்லை. காவலுக்கு இருக்கிற செல் வந்து விழுங்கும், விழுங்கிய செல்லையே குவார்ட்ஸ் கொன்றுவிடும், தூள் மறுபடி வெளியே விழும், அடுத்த செல் வரும். இப்படியே நடந்து நடந்து அந்த இடம் தழும்பாக இறுகிப்போவதுதான் சிலிகோசிஸ். வேலையை விட்ட பிறகும் அது கூடிக்கொண்டே போகலாம், தழும்பைக் கரைக்க மருந்து கிடையாது. வாழைப்பழம் தின்றால் தூசி இறங்கிவிடும் என்று பட்டறையில் மூத்த அண்ணன்மார் சொல்வார்கள். அண்ணே, பழம் போவது வயிற்றுக்கு, தூள் கிடப்பது நுரையீரலில்.

வீட்டில் பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை அறுப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அதில் பறப்பது நார். 20 மைக்ரானுக்கு மேல் நீளமான நாரை அந்தச் செல்லால் முழுதாக விழுங்கவே முடியாது. நீல, பழுப்பு வகை நார்கள் பல பத்து வருஷம் அப்படியே கிடக்கும். நம் கூரை ஷீட்டில் வருகிற வெள்ளை வகை சீக்கிரம் உடைந்து போகும் என்றாலும் அதுவும் புற்றுநோய் தருவதுதான், நோய் தலைகாட்டவே 20, 30, 40 வருஷம்கூட ஆகும். அதை அறுக்காமல் விடுவதே நல்லது.

சரி, மாஸ்க்குக்கு வருவோம். பி100 என்றால் மிக நுண்ணிய தூளிலும் 99.97 சதவீதத்தைப் பிடிக்கும், ஆனால் முகத்தோடு ஒட்டினால்தான் அந்தக் கணக்கு. இரண்டு பில்டரையும் உள்ளங்கையால் பொத்தி மூச்சை இழுத்துப் பாருங்கள், ரப்பர் உள்வாங்கி முகத்தில் ஒட்ட வேண்டும், ஓரத்தில் காற்று வந்தால் வாரை இறுக்குங்கள், இல்லையென்றால் சைஸை மாற்றுங்கள். தாடி இருந்தால் கட்டாயம் கசியும். மீசை பரவாயில்லை, ரப்பர் விளிம்புக்குள் அடங்கினால் போதும்.

குறை என்றால் வியர்வை. நம்ம ஊர் புழுக்கத்தில் முகவாயில் தண்ணீர் தேங்குகிறது, அடிக்கடி வெளியே போய்க் கழற்றித் துடைக்க வேண்டும். பேசினால் பக்கத்தில் இருப்பவருக்கே சரியாகக் கேட்காது. மூச்சு இழுக்கக் கஷ்டமானால் பில்டரை மாற்றிவிடுங்கள், கம்ப்ரஸர் காற்றடித்துச் சுத்தம் பண்ண வேண்டாம், கிழிந்துபோகும். வேலை முடிந்ததும் பட்டறை ஆணியில் தொங்கவிடாமல் மூடி போட்ட டப்பாவில் வையுங்கள், உள்பக்கம் தூசி படிந்தால் நாளைக்கு அதைத்தான் சுவாசிப்பீர்கள். பிளேடில் தண்ணீர் விட்டு அறுக்க முடிகிற வேலைக்குத் தண்ணீரும் விடுங்கள், மாஸ்க்கும் போடுங்கள்.