கியர்பாக்ஸைப் பிரிக்கச் சொன்னார்கள், கோளாறு செயினில் இருந்தது: செக்கானூரணிப் பக்கம் ஒரு பட்டறை

மதுரையில் இருந்து உசிலம்பட்டிக்குத் தினமும் பைக்கில்தான் வேலைக்குப் போகிறேன். 150 சிசி வண்டி, 31,000 கிலோமீட்டர் ஓடியது. மழை நாளில் ஒருமுறை நனைந்து வந்த பிறகு அதில் ஒரு சத்தம் தொடங்கியது. மெதுவாகப் போனால் டக்... டக்... என்று விட்டுவிட்டு வரும், வேகம் பிடித்தால் கரகரவென்று ஒன்றாகச் சேர்ந்துவிடும். அது போதாதென்று ஆக்சிலரேட்டரை விட்டுப் பிடித்தால் பின்னால் ‘டொக்’ என்று ஓர் இடி.

முதலில் ஒரு பெரிய சர்வீஸ் சென்டரில் விட்டேன். ஓட்டிக்கூடப் பார்க்கவில்லை. நின்ற இடத்திலேயே முறுக்கிப் பார்த்துவிட்டு, கியர்பாக்ஸ் பேரிங் போயிருக்கும், இன்ஜினை இறக்க வேண்டும், 8,500 ரூபாய் ஆகும் என்றார்கள். வேண்டாம் என்று எடுத்து வந்துவிட்டேன். வழியில் ஒரு கடையில் செயினை இறுக்கிப் பார்த்தேன். டக் டக் போகவில்லை, கூடவே ‘ஙொய்’ என்று புதிதாக ஒரு சத்தம் சேர்ந்துகொண்டது.

அப்புறம் அலுவலக நண்பர் ஒருவர் சொல்லித்தான் செக்கானூரணி தாண்டி இருக்கும் இந்தப் பட்டறைக்குப் போனேன். பெயர்ப் பலகை கிடையாது, தகரக் கொட்டகை, வாசலில் புளியமரம். மெக்கானிக் அண்ணன் ஸ்பேனரைத் தொடவே இல்லை. “எத்தனை வேகத்துல வருது தம்பி? எண்ணிப் பார்த்தீங்களா?” என்றுதான் முதலில் கேட்டார். எண்ணவில்லை என்றேன். என்னைப் பின்னால் உட்காரவைத்துச் சாலையில் ஓட்டினார். 20 கிலோமீட்டர் வேகத்தில் சத்தம் விநாடிக்கு ஒன்று. 40இல் போய்க்கொண்டிருக்கும்போதே கிளட்சைப் பிடித்தார். இன்ஜின் அடங்கியது, சத்தம் மட்டும் அப்படியே சக்கரத்தோடு வந்தது. அப்படியென்றால் இன்ஜினும் கிளட்சும் காரணம் இல்லை. கியர்பாக்ஸில் இருந்து பின்சக்கரம் வரைக்கும் எங்கோதான் கோளாறு.

அடுத்துச் செய்ததுதான் என்னை அசத்தியது. சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி நியூட்ரலில் போட்டு, டயரில் ஒரு சாக்பீஸ் கோடு, செயினில் ஒரு கோடு போட்டார். சக்கரத்தைக் கையால் சுற்றச் சொன்னார். சக்கரம் ஒரு சுற்று சுற்றும்போதெல்லாம் சத்தம் வந்தால் பின் ஸ்ப்ராக்கெட் (செயின் மாட்டும் பல்சக்கரம்), பிரேக் டிரம், சக்கர பேரிங் பக்கம் பார்க்க வேண்டுமாம். எனக்கோ கிட்டத்தட்ட மூன்று சுற்றுக்கு ஒருமுறைதான் வந்தது. என் செயினில் 118 லிங்க் (கண்ணி), பின் ஸ்ப்ராக்கெட்டில் 42 பல்; செயின் ஒரு முழுச் சுற்று வர சக்கரம் 2.8 சுற்று சுற்ற வேண்டும். கணக்கு சரியாகப் பொருந்துகிறது. 20 கிலோமீட்டர் வேகத்தில் கியர்பாக்ஸ் தண்டில் மாட்டியிருக்கும் முன் ஸ்ப்ராக்கெட் விநாடிக்கு 8 சுற்று சுற்றும், அதனால் கியர்பாக்ஸ் சத்தம் இவ்வளவு நிதானமாக வரவே வராது. இது தெரியாமல்தானே 8,500 ரூபாய் சொன்னார்கள்!

செயினை மெதுவாக நகர்த்திக்கொண்டே போனதில் ஒரு லிங்க் மட்டும் துருப்பிடித்து மடங்காமல் விறைத்து நின்றது. முன் ஸ்ப்ராக்கெட்டைத் தாண்டும்போது அதுதான் டக்கென்று அடித்திருக்கிறது. மண்ணெண்ணெய் ஊற்றி அசைத்துப் பார்த்தார், பாதிதான் இளகியது. பிறகு டேப்பை வைத்து 20 லிங்க் அளந்தார். புதுச் செயினில் 25.4 சென்டிமீட்டர் இருக்க வேண்டும், எனக்கு 26 இருந்தது. பின் பக்கம் செயினைப் பிடித்து இழுத்தால் ஸ்ப்ராக்கெட்டின் பல் பாதி வெளியே தெரிந்தது, பற்களும் ஒருபக்கம் சாய்ந்து கொக்கி போல் ஆகியிருந்தன. செயினை மட்டும் மாற்றாதீர்கள், தேய்ந்த பல் புதுச் செயினையும் தின்றுவிடும், செயின், முன் ஸ்ப்ராக்கெட், பின் ஸ்ப்ராக்கெட் மூன்றையும் சேர்த்துப் போடுங்கள் என்றார். மதுரையில் மூன்றும் சேர்ந்த ரோலான் கிட் வாங்கி வந்தேன், 1,450 ரூபாய். கோயம்புத்தூர் எல்ஜிபி தயாரிப்பு.

அந்த ‘டொக்’ இடிக்குக் காரணம் வேறு. சக்கரத்தை அசையாமல் பிடித்துக்கொண்டு பின் ஸ்ப்ராக்கெட்டை முன்னும் பின்னும் ஆட்டிக் காட்டினார், தாராளமாக ஆடியது. சக்கரத்தின் நடுவே ஹப்புக்குள் இருந்து இழுவையின் அதிர்ச்சியைத் தாங்கும் கப்ளிங் ரப்பர் நசுங்கிப்போயிருந்தது. புதுசு 120 ரூபாய். அப்புறம் அந்த ‘ஙொய்’ சத்தம் வழியில் நான் செயினை இறுக்கியதால் வந்தது. தேய்ந்த செயின் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தொய்வாக இருக்காது. தொய்ந்த இடத்தில் இறுக்கினால் மற்ற இடம் கம்பி மாதிரி ஆகிவிடும், அதையே வைத்து ஓட்டினால் நல்ல கியர்பாக்ஸ் பேரிங்கும் போய்விடும். புதுச் செயினையும் சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி, இருப்பதிலேயே இறுக்கமான இடத்தில் வைத்துத்தான் தொய்வு பார்த்தார், 25 மில்லிமீட்டர்.

கூலி 300 ரூபாய்தான் கேட்டார். நான் 500 கொடுத்தேன், மீதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

குறைகளும் உண்டு. காலையில் விட்ட வண்டி மாலைதான் கிடைத்தது. வேலையில் இருக்கும்போது போன் எடுக்க மாட்டார். பில் கிடையாது, உட்கார நாற்காலியும் கிடையாது, புளியமரத்தடிக் கல்தான். அவசரமாக வண்டி வேண்டும் என்பவர்களுக்கு இந்த இடம் சரிப்படாது. பழைய பாகங்களை மட்டும் கேட்காமலே கையில் கொடுத்துவிடுகிறார், தேய்மானத்தை நாமே பார்த்துக்கொள்ளலாம். அது எனக்கு மிகவும் பிடித்தது.

இப்போது 2,200 கிலோமீட்டர் ஓடிவிட்டது. 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை துடைத்து 90 நம்பர் கியர் ஆயில் போடச் சொன்னார், போடுகிறேன். நேற்றும் உசிலம்பட்டி போகும் வழியில் 20இல் ஓட்டி எண்ணிப் பார்த்தேன், டயர் ஓடும் சத்தம் மட்டும்தான் கேட்டது.