சூரியனைக் காட்டும் ஏஆர், பொம்மையைச் சேர்க்கும் ஏஆர்: செங்கோட்டையிலிருந்து ஓர் ஒப்பீடு

செங்கோட்டையில் ஸ்டுடியோ வைத்திருப்பவர்களுக்கு ஆடி மாதம் கைகொள்ளாத வேலை. நம் பக்கம் ஆடியில் கல்யாணம் கிடையாது. ஆரியங்காவு தாண்டினால் கேரளம், அங்கே அது கர்க்கடகம், அங்கேயும் கல்யாணம் இல்லை. ஆனால் அடுத்து வரும் சிங்ங மாதத்தில் அவர்களுக்கு முகூர்த்தம் குவிந்து கிடக்கும். அதற்கு முன்கூட்டியே 'சேவ் தி டேட்' படம் எடுக்க புனலூர், கொட்டாரக்கரை, கொல்லம் என்று ஜோடி ஜோடியாக மலை இறங்கி வருகிறார்கள். குற்றாலச் சாரலும் சுந்தரபாண்டியபுரத்துச் சூரியகாந்தியும் அந்த நேரத்தில்தான் கிடைக்கும்.

வருகிறவர்களில் பாதிப் பேர் போனை நீட்டி, "அண்ணா, இதுல ஏஆர் போட்டு எடுக்கலாமா?" என்று கேட்கிறார்கள். கேட்பது நியாயமான கேள்விதான். ஆனால் ஏஆர் (ஆக்மென்டட் ரியாலிட்டி, கேமரா காட்டும் காட்சியின் மேல் போன் வரைவதைச் சேர்த்துக் காட்டும் நுட்பம்) என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு சாமான்கள் இருக்கின்றன. ஒன்று, கேமரா திரைக்கு மேல் சூரியன் போகும் வழி, மலையின் பெயர், நட்சத்திரம் ஆகியவற்றைக் கோடாக வரைந்து காட்டும். படம் எடுக்கும்போது அந்தக் கோடு படத்தில் இருக்க வேண்டியதில்லை. இன்னொன்று, இல்லாத ஒரு பொருளைப் படத்துக்குள்ளேயே நிறுத்தும். இரண்டையும் சில வருஷமாகப் பயன்படுத்துகிறேன். என்னைக் கேட்டால், மலையடிவாரத்தில் இருப்பவனுக்கு முதல் வகை தொழில் கருவி. இரண்டாவது, இடம் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டிய சந்தோஷம்.

முதல் வகை எனக்கு எப்படி அவசியமானது என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஒரு தை மாதம், புளியரை வயலில் ஒரு ஜோடிக்கு அந்தி வெயிலில் படம். சூரியன் மறைவது 6.20 என்று போனில் இருந்தது. ஐந்தரைக்கு இறங்கினால் போதும் என்று கணக்குப் போட்டேன். ரிஃப்ளெக்டரை விரித்து முடிப்பதற்குள், 5.35க்கே, வயல் முழுக்க நிழல் விழுந்துவிட்டது. எதிர்ப்பக்கம் கிழக்கே தென்னைகளின் உச்சியில் மட்டும் மஞ்சள் வெயில் நின்றது. பெண் வீட்டார் புனலூரிலிருந்து கார் வைத்து வந்திருந்தார்கள். மறுநாள் திரும்ப வரவேண்டியதாயிற்று.

நேரம் தப்பில்லை. சூரிய மறைவு நேரம் என்று பொதுவாகச் சொல்வது தட்டையான தொடுவானத்துக்குப் போட்ட கணக்கு. கடற்கரைக்குச் சரி. மேற்கே சுவர் மாதிரி மலை நிற்கிற புளியரைக்குச் சரிவராது. நம் ஊர் கிட்டத்தட்ட 9 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. இங்கே சூரியன் அதிகம் சாயாமல் ஏறத்தாழ நேராகக் கீழே இறங்கும். ஒரு டிகிரி இறங்கச் சுமார் 4 நிமிடம். கையை நீட்டி முஷ்டியை மடக்கிப் பிடித்தால் அதன் அகலம் கிட்டத்தட்ட 10 டிகிரி. மலை முகடு ஒரு முஷ்டி உயரத்தில் இருந்தால், போன் சொல்லும் நேரத்தில் 40 நிமிடத்துக்கு மேல் கழித்துவிட வேண்டும்.

அதோடு முடியவில்லை. சூரியன் மறையும் இடமும் வருஷம் முழுக்க நகர்கிறது. ஜூன் கடைசி வாரத்தில் நேர் மேற்கிலிருந்து 24 டிகிரி அளவுக்கு வடக்கே தள்ளி மறையும், டிசம்பரில் அதே அளவு தெற்கே. ஆக ஆனியில் எடுத்த அதே வரப்பில் மார்கழியில் போய் நின்றால் சூரியன் வேறு முகட்டுக்குப் பின்னால் போகும், வேறு நேரத்தில் போகும். இதை மனக்கணக்காகப் போட்டுக்கொண்டிருக்க முடியாது. இங்கேதான் ஏஆர் வேலை செய்கிறது.

இந்த வேலைக்கு நான் மாற்றி மாற்றிப் பார்த்தவை ஃபோட்டோபில்ஸ், சன் சீக்கர், சன் சர்வேயர் என்ற மூன்று ஆப்கள். மூன்றிலும் போனை மேற்கே தூக்கிப் பிடித்தால், கேமரா காட்டும் மலைக்கு மேலேயே சூரியனின் பாதை வளைவாக ஓடும், மணி நேரமும் குறித்திருக்கும். அந்தக் கோடு முகட்டைத் தொடும் புள்ளியில் என்ன மணி என்று பார்த்தால் அதுதான் உங்களுடைய நிஜமான மறைவு நேரம். தேதியை மாற்றிக்கொள்ளலாம் என்பதால், சித்திரையில் நின்றுகொண்டு ஆடிக்குப் பார்க்கலாம்.

சன் சீக்கர் மூன்றில் எளிது. திறந்த உடனே பாதை தெரியும். ஆனியிலும் மார்கழியிலும் சூரியன் எட்டும் எல்லைகளையும் அதே திரையில் வரைந்துவிடும். வீடு கட்டுகிறவர்கள்கூட ஜன்னல் வைக்க இதைப் பார்க்கிறார்கள். சன் சர்வேயர் வரைபடத்தோடு சேர்த்துப் பார்க்கச் சுகமானது. போகாத இடத்தை வீட்டிலிருந்தே அளக்க அது எனக்குப் பிடிக்கும். ஃபோட்டோபில்ஸ் ஸ்பெயினின் மெனோர்க்கா தீவிலிருந்து வருவது. சூரியன், சந்திரன், பால்வீதி, லென்ஸின் குவிய ஆழக் கணக்கு (எவ்வளவு தூரம்வரை படம் தெளிவாக விழும் என்பது) என்று ஒரு பெட்டி நிறைய சாமான். முதல் வாரம் தலை சுற்றும். பழகிவிட்டால் வேறெதையும் தேட வேண்டாம். இதைத்தான் வைத்துக்கொண்டேன். நான் வாங்கியபோது ஒரே தடவை பணம் கட்டினால் போதும் என்பது கூடுதல் நிம்மதி. வருஷத்துக்கு இரண்டு தடவை அவுட்டோர் போகிறவருக்கு இவ்வளவு தேவையில்லை, சன் சீக்கர் போதும்.

பீக்ஃபைண்டரை இந்த வரிசையில் வைப்பதா என்று யோசித்தேன். சுவிட்சர்லாந்து ஆப் அது. நிலத்தின் உயரத் தரவை வைத்து எதிரே தெரியும் மலைகளின் கோட்டை வரைந்து பெயர் எழுதும். முதலில் தரவை இறக்கிவிட்டால் சிக்னல் இல்லாத காட்டிலும் ஓடும். எனக்கு அதில் பெரிய விஷயம் பெயர் இல்லை. எங்கள் ஊர்க்காரர்கள் வாயில் வரும் பாறை, மொட்டைகளின் பெயர் பலவும் அதில் கிடையாது. ஆனால் சூரியன், சந்திரனின் பாதையை அந்த மலைக்கோட்டின் மேலேயே போட்டு, மலையைக் கணக்கில் எடுத்த உதய, மறைவு நேரத்தைத் தருகிறது. நேரில் போகாமலே புளியரைக்கு விடை கிடைத்துவிடும். அந்தத் தை மாதம் இது என் போனில் இருந்திருந்தால் அந்தக் குடும்பம் இரண்டாம் நாள் அலைந்திருக்காது.

சரி, இவை எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு பலவீனம் உண்டு: போனின் திசைகாட்டி. அது தப்பாகத் திரும்பினால் மேலே வரைந்த கோடு அத்தனையும் தப்பு. சூரியனின் அகலமே அரை டிகிரிதான். திசை 10 டிகிரி விலகினால் இருபது சூரியன் தள்ளிக் காட்டுகிறது என்று பொருள். இந்த விஷயத்தில் நம் பகுதிக்கு ஒரு கொடுப்பினை இருக்கிறது. பூமியின் காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்முனையை ஒட்டிப் போகிறது. 1963-ல் முதல் ராக்கெட் கிளம்பிய திருவனந்தபுரம் பக்கத்துத் தும்பாவை அதற்குத் தேர்ந்தெடுத்ததற்கு அதுவே முக்கியக் காரணம். இங்கே காந்தப் புலம் தரைக்கு இணையாக ஓடுவதால் திசைகாட்டி நன்றாக வேலை செய்ய வேண்டும். கெடுப்பது நாம் வைத்துக்கொள்ளும் இரும்பும் காந்தமும்தான். மூடியில் காந்தம் வைத்த போன் கவர், பைக்கில் மாட்டும் காந்த ஸ்டாண்டு, பக்கத்தில் நிற்கிற கார். புனலூர் தூக்குப் பாலத்தில், 1877-ல் கட்டிய அந்த இரும்புச் சங்கிலிகளுக்கு நடுவே நின்று பார்த்தபோது, கல்லடையாற்றுக்கு மேல் கண்ணுக்கு எதிரே இருந்த சூரியனைத் திரை எங்கோ வலப்பக்கம் காட்டியது.

தீர்வு சுலபம். கவரைக் கழற்றுங்கள், இரும்பை விட்டுப் பத்தடி தள்ளி நில்லுங்கள், போனை எட்டு வடிவில் சுழற்றுங்கள். அப்புறம் நிஜச் சூரியனோ நிலவோ தெரிந்தால் திரையில் உள்ளதை விரலால் இழுத்து அதன் மேல் பொருத்துங்கள். ஃபோட்டோபில்ஸில் இதற்கு வழி உண்டு. பீக்ஃபைண்டரில் வரைந்த முகட்டை நிஜ முகட்டோடு பொருத்தலாம். மலை அசையாது என்பதால் இந்த முறை எனக்கு இன்னும் நம்பிக்கையானது.

சுந்தரபாண்டியபுரத்தில் நடந்ததைச் சொன்னால் ஆப்பின் எல்லையும் புரியும். ஒரு வயல்காரரிடம் அனுமதி கேட்கப் போனேன். "சாயங்காலம் வந்தா பூ உங்களப் பாத்துச் சிரிக்கும்னு நெனச்சுட்டு வாராக. முத்துன பூவு கெழக்கத்தான் பாக்கும், தம்பி" என்றார். உண்மைதான். மொட்டும் இளம்பூவும்தான் சூரியனோடு திரும்பும், முற்றிய பூ கிழக்கு நோக்கியே நின்றுவிடும். அப்படியானால் பூவின் முகம் வேண்டுமென்றால் நாம் கிழக்கே நின்று மேற்கே பார்க்க வேண்டும். அப்போது பின்னணியில் மேற்கு மலை தானாக வந்து நிற்கும். காலையில் எடுத்தால் வெயில் நம் முதுகுப்பக்கமிருந்து பூவிலும் மலையிலும் விழும். மாலையில் எடுத்தால் பூ நிழலில், சூரியன் மலைக்கு மேல். இரண்டும் அழகு, இரண்டும் வேறு படம். எந்த மாலையில் எந்த முகட்டின் மேல் சூரியன் அமரும் என்பதை ஏஆர் சொல்லும். பூ எந்தப் பக்கம் பார்க்கும் என்பதை அவர்தான் சொன்னார். வரப்பில் மட்டும் நில்லுங்கள், செடிக்குள் இறங்காதீர்கள் என்று நான் பார்ட்டிகளிடம் கண்டிப்பாகச் சொல்வது அன்றைக்கு ஆரம்பித்தது.

இரவு நட்சத்திரம் பார்க்க ஸ்கை மேப் ஆப் இலவசம், ஸ்டெல்லேரியம் அழகு, ஃபோட்டோபில்ஸின் இரவு ஏஆர் படம் எடுக்கிறவருக்கென்றே செய்தது. பால்வீதியின் மையம் நம் ஊரில் தெற்கே 50 டிகிரிக்கு மேல் ஏறும். இந்த உயரம் வட நாட்டுக்காரர்களுக்குக் கிடையாது. ஆனி, ஆடியில் மேகம் மூடிவிடும். மாசி, பங்குனி விடியற்காலைதான் எனக்கு வாய்த்தது.

இனி இரண்டாவது வகை. போகிமான் கோ என்ற போன் விளையாட்டு 2016 ஜூலையில் வெளிவந்து, டிசம்பரில் ஜியோ வழியாக இந்தியாவுக்கு முறையாக வந்தது. 2019-ல் அதில் வந்த கோ ஸ்னாப்ஷாட் வசதி மூலம் நாம் பிடித்த போகிமான் பொம்மையைத் தரையில் நிறுத்திச் சுற்றி நடந்து படம் எடுக்கலாம். என் அக்கா மகன் அதை வைத்துத்தான் குனிந்து எடுப்பது, பின்னணியைச் சுத்தமாக வைப்பது எல்லாம் கற்றுக்கொண்டான். அசையாமல் நிற்கிற மாடல் கிடைத்தால் குழந்தைகள் பொறுமையாகக் கோணம் தேடுகிறார்கள். இந்த ஒரு காரணத்துக்காகவே அந்த விளையாட்டு மேல் எனக்கு மரியாதை. ஸ்னாப்சாட் லென்ஸ்கள் முகத்துக்குப் பிரமாதம், அருவிக்கு ஆகாது. ஏன் என்றால், ஏஆர் ஒரு பொருளைத் தரையில் நிறுத்த, கேமராவில் தெரியும் மூலை முடுக்குகளைப் புள்ளிகளாகப் பிடித்துக்கொள்கிறது. அந்தப் புள்ளிகள் அசையக் கூடாது. விழும் தண்ணீர், காற்றில் ஆடும் சூரியகாந்தி, சாரலில் மங்கிய பாறை, இவற்றில் பிடிமானம் கிடைக்காமல் பொம்மை வழுக்கிக்கொண்டே போகும். சிமென்ட் திண்ணை, கோயில் கல்தளம் என்றால் அசையாமல் நிற்கும்.

இன்னொரு குறை ஆயுள். மைன்கிராஃப்ட் எர்த் 2021-லும், ஹாரி பாட்டர் விசார்ட்ஸ் யுனைட் 2022-லும் என்று இரண்டு ஏஆர் விளையாட்டுகள் மூடப்பட்டன. இன்ஸ்டாகிராமில் மற்றவர்கள் செய்து போட்ட ஏஆர் எஃபெக்ட்கள் 2025 ஜனவரியோடு போயின. போன வருஷப் பாணியில் இந்த வருஷம் எடுத்துத் தருகிறேன் என்று யாரிடமும் உறுதி சொல்ல முடியாது. சூரியன் ஆப் அப்படியில்லை, கணக்கு போனுக்குள்ளேயே நடக்கிறது.

எல்லாவற்றையும் விட எனக்கு வலித்தது பிரிண்ட். ஒரு பெண் ஏஆர் பட்டாம்பூச்சிகளோடு தானே எடுத்த படத்தை ஆல்பத்தின் நடுப்பக்கத்தில் போடச் சொன்னார். போனில் பார்க்க அருமை. ஏஆர் படங்கள் பெரும்பாலும் ஓடும் வீடியோவிலிருந்து பிடித்த ஒரு ஃபிரேம்தான். அது 1920க்கு 1080 இருந்தால் 2 மெகாபிக்சல். அங்குலத்துக்கு 300 புள்ளி என்று அச்சடித்தால் ஆறரை அங்குலம்கூட வராது. எங்கள் ஆல்பம் 12க்கு 36 அங்குலம். லேபிலிருந்து வந்த பக்கத்தில் அவர் கண் இமைகள் மசியாக இழுகியிருந்தன. இப்போது நான் செய்வது: சாதாரணக் கேமராவில் முழு அளவில் ஒரு படம், அதே இடத்தில் ஏஆரில் ஒன்று. ஏஆர் படம் வாட்ஸ்ஆப் ஸ்டேட்டஸுக்கு, மற்றது ஆல்பத்துக்கு.

புது போன் வாங்குகிறவர்கள் கடையில் கேட்க வேண்டியது மெகாபிக்சல் மட்டும் அல்ல. போன் திரும்புவதை உணரும் கைரோஸ்கோப்பும் திசைகாட்டியும் இருக்கிறதா என்று கேளுங்கள். விலை குறைந்த பல மாடல்களில் இவற்றை விட்டுவிடுகிறார்கள். அவை இல்லாத போனில் சூரியப் பாதையும் நிற்காது, போகிமானும் நிற்காது. அப்படிப்பட்ட போன்தான் கையில் இருக்கிறது என்றால், ஷூட்டுக்கு முந்தின நாள் சாயங்காலம் அதே வரப்பில் போய் நின்று முஷ்டியால் அளந்து வாருங்கள். கழுதுருட்டி பதிமூன்று கண் பாலத்துக்கு நான் முதல் தடவை அப்படித்தான் அளந்தேன், தண்டவாளத்தில் ஏறாமல், சாலையோரத்தில் நின்று.