காரைக்குடிப் பக்கம் சைக்கிளுக்கு ஹைட்ராலிக் பிரேக் போடக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு

தேவகோட்டையில் கல்லூரியில் படிக்கும் தம்பி ஒருவர், தன் எம்.டி.பி. (மலை சைக்கிள்) வண்டியில் இருந்த கேபிள் டிஸ்க் பிரேக்கை எடுத்துவிட்டு, கேபிளுக்குப் பதில் ஆயில் அழுத்தத்தில் இயங்கும் ஷிமானோ எம்.டி.200 ஹைட்ராலிக் செட் போடச் சொல்லி காரைக்குடி வட்டாரத்தில் ஒரு கடையில் வண்டியை விட்டார். முன்பின் செட், புது ரோட்டர் (சக்கரத்தோடு சுற்றும் இரும்புத் தட்டு) இரண்டு, ஒரிஜினல் மினரல் ஆயில், ப்ளீடிங் (ஆயில் நிரப்பிக் காற்றை வெளியேற்றுவது) கூலி என்று பில் போட்டார்கள். வண்டியை எடுத்த அன்று லிவர் நன்றாகக் கெட்டியாகவே இருந்தது. சில வாரம் போனதும் முன் லிவர் அழுத்தினால் திரும்பி வர மறுத்தது. ரோட்டரைக் கவ்விப் பிடிக்கும் பேட் அதை விட்டு விலகாமல் உரசிக்கொண்டே இருந்தது. பின் பிரேக் கீச்சென்று கத்தியதே தவிர வண்டி நிற்கவில்லை. கடையில் போய்க் கேட்டதற்கு, "ஓட்ட ஓட்டச் சரியாயிடும் தம்பி" என்று சொல்லி ரோட்டர் மேல் துரு நீக்கும் ஸ்ப்ரேயை அடித்து அனுப்பியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு பின் பிரேக் சுத்தமாகப் பிடிக்கவே இல்லை.

வண்டியைப் பிரித்துப் பார்த்தால் தப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன. அதில் மோசமானது ஆயில். ஷிமானோ மினரல் ஆயில் புதிதில் இளஞ்சிவப்பாக இருக்கும். முன் லிவரில் இருந்து எடுத்ததோ வெளிர் மஞ்சள். நிறத்தை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது என்பதால் ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் சில சொட்டு விட்டுப் பார்த்தோம். மினரல் ஆயில் என்றால் எண்ணெய்க்கு உரிய குணப்படி மேலே மிதக்கும். இது இழை இழையாக இறங்கித் தண்ணீரோடு கலந்து காணாமல் போனது. சந்தேகமே இல்லை, மோட்டார் சைக்கிளுக்கு ஊற்றும் டாட் பிரேக் ஆயில்தான். வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை இது, சொட்டு ஆயில் போதும். கையிலும் வண்டி பெயின்ட்டிலும் படாமல் செய்யுங்கள், டாட் ஆயில் பெயின்ட்டை உரித்துவிடும்.

டாட் 3, டாட் 4 எந்த டூவீலர் ஸ்பேர் கடையிலும் கிடைக்கும். மினரல் ஆயிலைத் தனியாக ஆர்டர் போட்டு வரவழைக்க வேண்டும். அதனால்தான் "எல்லாம் பிரேக் ஆயில்தாண்ணே" என்று கைக்குக் கிடைத்ததை ஊற்றிவிடுகிறார்கள். எல்லாம் ஒன்று இல்லை. ஷிமானோ, டெக்ட்ரோ, மகுரா பிரேக்குகளுக்கு மினரல் ஆயில்தான். அவற்றில் உள்ள ரப்பர் சீல் அதற்கென்றே செய்தது, டாட் பட்டால் மெதுவாக உப்பும். உப்பிய சீல், பேடைத் தள்ளும் பிஸ்டனை உள்ளே இழுக்காது, லிவரும் திரும்பாது, கடைசியில் கசியும். ஸ்ராம் செட்டுகளில் பல டாட் ஆயிலில் ஓடுபவை, ஆனால் அதே ஸ்ராமின் டி.பி.8 மினரல் ஆயில். எனவே கம்பெனியை வைத்து அல்ல, மாடலை வைத்தே ஆயில். பல லிவர்களில் ஆயில் தொட்டி மூடியிலோ பக்கத்திலோ எது ஊற்ற வேண்டும் என்று எழுதியே இருக்கும்.

இந்தத் தப்பு முதல் நாளே தெரியாது என்பதுதான் ஆபத்து. சீல் உப்ப நாளாகும், அதற்குள் கடைக்காரர் காசை வாங்கியிருப்பார். ஒருமுறை உப்பிவிட்டால் ஆயிலை மாற்றி அலசுவதில் பயனில்லை. ஷிமானோ காலிப்பருக்கு (பேடும் பிஸ்டனும் இருக்கும் பாகம்) சீல் மட்டும் தனியாக விற்பதில்லை. லிவர், ஹோஸ், காலிப்பர் மூன்றையும் மாற்ற வேண்டியதுதான்.

அடுத்தது லிவரில் இருந்து காலிப்பருக்கு ஆயில் போகும் குழாய், அதாவது ஹோஸ். பின் ஹோஸ் நீளமாக இருந்ததால் வெட்டிச் சுருக்கியிருக்கிறார்கள், அதில் தப்பில்லை. ஆனால் ஹோஸ் கட்டர் இல்லாமல் கட்டிங் பிளேயரால் நசுக்கி வெட்டியதில் வாய் கோணலாகியிருந்தது. லிவருக்குள் போகும் இடத்தில் இருக்கும் ஆலிவ் என்கிற சின்ன பித்தளை வளையம் ஒருமுறை இறுக்கினால் ஹோஸைக் கவ்வி நசுங்கி உட்கார்ந்துவிடும், ஒரு தடவைக்குத்தான் அது. வெட்டும்போதெல்லாம் புது ஆலிவ், ஹோஸ் வாய்க்குள் செருகும் புது இன்செர்ட் போட வேண்டும். இங்கே பழைய ஆலிவையே மாட்டி, கசிந்ததும் குழாய் ரிப்பேருக்குச் சுற்றும் வெள்ளை டெஃப்லான் டேப்பைச் சுற்றி ரப்பர் மூடியை மேலே இழுத்துவிட்டிருந்தார்கள். அந்த ரப்பர் மூடியை விலக்கிப் பார்க்க அரை நிமிடம் ஆகாது. வண்டியை எடுக்கும்போது விலக்கிப் பாருங்கள், ஈரம் இருந்தால் வாங்காதீர்கள்.

ரோட்டரில் நடந்தது பச்சை ஏமாற்று. பில்லில் இரண்டு புதுசு, வண்டியில் இருந்தது ஒன்று. பின்னால் பழைய கேபிள் பிரேக் ரோட்டரையே துடைத்து மாட்டியிருந்தார்கள். தடிமன் அளக்கும் வெர்னியர் வைத்தால் 1.4 மி.மீ. ஷிமானோ ரோட்டர் புதிதில் 1.8 மி.மீ. இருக்கும், 1.5க்கு வந்துவிட்டால் தூக்கிப் போட வேண்டும். ரோட்டரிலேயே அந்தக் குறைந்தபட்ச அளவு பொறித்திருக்கும். முன் ரோட்டர் புதுசுதான், ஆனால் ரெசின் (பிசின் கலவை) பேடுக்கு மட்டும் என்று பொறித்த ரகம். செட்டோடு வந்த ரெசின் பேடை எடுத்துவிட்டு, "மெட்டல் பேடுதான் ரொம்ப நாள் உழைக்கும்" என்று அதை மாட்டியிருந்தார்கள். பேட் உழைக்கும், ரோட்டர் சீக்கிரம் தேயும். அந்த ரோட்டரின் இரும்பு மெட்டல் பேடைத் தாங்கும் கடினம் உடையதல்ல.

சரியான ப்ளீடிங் எப்படி இருக்கும் என்று தெரிந்தால்தான் கடையில் நின்று கேட்க முடியும். சக்கரத்தைக் கழற்றி, பேடை எடுத்து, பிஸ்டனை முழுக்க உள்ளே தள்ளி, பிஸ்டன் வெளியே வராமல் தடுக்கும் ப்ளீட் பிளாக் கட்டையை நடுவில் வைக்க வேண்டும். பிளாக் வைக்காமல் செய்தால் அளவுக்கு மேல் ஆயில் ஏறி, பிறகு புது பேட் போடும்போது ரோட்டர் நுழைய இடம் இருக்காது. லிவரைத் தரைக்கு இணையாகத் திருப்பி, மேலே இருக்கும் ஸ்க்ரூவை 2.5 மி.மீ. ஆலன் கீயால் எடுத்து ஃபனலை மாட்டி ஆயில் ஊற்றுவார்கள். கீழே காலிப்பரில் ஆயில் திறந்து மூடும் நிப்பிளில் சிரிஞ்சை மாட்டி அதைச் சற்றே திறந்து, ஆயிலைக் கீழிருந்து மேலே தள்ள வேண்டும். காற்று மேல்நோக்கித்தான் போகும், மேலிருந்து மட்டும் ஊற்றினால் காலிப்பர் மூலையில் குமிழ் தங்கிவிடும். ஃபனலில் குமிழ் நின்ற பிறகு நிப்பிளை மூடி, லிவரை அழுத்திப் பிடித்தபடி அரை நொடி திறந்து மூடுவதை இரண்டு மூன்று முறை செய்து, கடைசியில் லிவரை மேலும் கீழும் 30 டிகிரி சாய்த்து லேசாக அழுத்தினால் ஒளிந்திருக்கும் காற்றும் வரும். 100 மி.லி. பாட்டில் இரண்டு பிரேக்குக்கும் தாராளம். சீல் உடைக்காத பாட்டிலை உங்கள் முன்னால் திறக்கச் சொல்லுங்கள். முகம் சுளிக்கிற கடையில் வண்டியை விட வேண்டாம்.

ரோட்டர் போல்ட் ஆறும் டி25 சாவி, எதிரெதிராக மாற்றி மாற்றி இறுக்க வேண்டும், ஷிமானோவுக்கு 2 முதல் 4 நியூட்டன் மீட்டர். காலிப்பர் போல்ட் 6 முதல் 8. லிவரை அழுத்திப் பிடித்துக்கொண்டு காலிப்பர் போல்ட்டை இறுக்கினால் நடுவில் வந்து உட்காரும்.

அப்புறம் பெட்-இன், அதாவது புது பேடை ரோட்டருக்குப் பழக்குவது. இதை எந்தக் கடையும் சொல்வதில்லை, வருத்தமான விஷயம். புது பேடும் புது ரோட்டரும் முதலில் பாதிகூடப் பிடிக்காது. பேடின் பொருள் ரோட்டர் மேல் மெல்லிய படலமாக ஒரே சீராகப் படிந்த பிறகுதான் முழு பலம் வரும். ரோட்டரை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டு, ஆள் நடமாட்டம் இல்லாத நேரான ரோட்டுக்குப் போங்கள். கானாடுகாத்தான், பள்ளத்தூர்த் தெருக்கள் விடியற்காலையில் இதற்கு நல்ல வசதி. 20 கி.மீ. வேகத்தில் போய் ஒரு பிரேக்கை மட்டும் சீராக அழுத்தி நடக்கிற வேகத்துக்குக் கொண்டுவந்து விடுங்கள். முழுக்க நிற்கக் கூடாது, சக்கரம் பூட்டவும் கூடாது. சூடான பேட் ஒரே இடத்தில் நின்றால் அங்கே மட்டும் திட்டாகப் படிந்து, பிறகு ஒவ்வொரு சுற்றுக்கும் பிரேக் துடிக்கும். இப்படி 20 தடவை, பின்பு 30 கி.மீ. வேகத்தில் 10 தடவை. அடுத்த பிரேக்குக்கும் அதேபோல. பிறகு ஆறவிடுங்கள்.

நம் பக்கம் சமதரை என்பதால் மோசமான பிரேக்கோடு மாதக்கணக்கில் ஓட்டிவிட முடிகிறது. இதே வண்டியைக் கொல்லிமலைக்குக் கொண்டுபோய் 70 கொண்டை ஊசி வளைவில் இறக்கினால் என்ன ஆகும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

ஸ்ப்ரே பட்ட ரெசின் பேடைக் காப்பாற்ற முடியாது, எண்ணெயை உள்ளே உறிஞ்சிவிடும். உப்புத்தாளில் தேய்த்தாலும் அடுப்பில் காட்டினாலும் பெரும்பாலும் திரும்பவும் கத்தும். பேடைத் தூக்கிப் போட்டு, ரோட்டரை ஆல்கஹாலால் துடைத்து, பெட்-இன் முதலில் இருந்து. கண்மாய்க் கரைச் செம்மண் புழுதி ஏறினால் வெறும் தண்ணீர் போதும். சக்கரம் இல்லாமல் வண்டியை பஸ்ஸில் ஏற்றும்போது பேடுக்கு நடுவே பிளாஸ்டிக் ஸ்பேசர் வையுங்கள். யாராவது லிவரை அழுத்தினால் பிஸ்டன் வெளியே வந்துவிடும்.

ஹைட்ராலிக் என்று சொல்லி, லிவரில் இருந்து கேபிளே வந்து காலிப்பரில் மட்டும் ஆயில் இருக்கும் கலப்பு ரகத்தையும் விற்கிறார்கள். லிவரில் ஆயில் தொட்டி இல்லை என்றால் அது முழு ஹைட்ராலிக் அல்ல.

அந்தத் தம்பிக்குக் கடைக்காரர் திருப்பிக் கொடுத்தது ஆயில் காசு மட்டும். பில்லில் மாடல் எண், ஆயில் வகை, ரோட்டர் எண்ணிக்கை மூன்றையும் எழுதி வாங்குங்கள், கழற்றிய பழைய பாகங்களைக் கேட்டு எடுத்துக்கொள்ளுங்கள். தகராறு வந்தால் ஆயிலைச் சின்னக் கண்ணாடி பாட்டிலில் பிடித்து வையுங்கள், வெர்னியர் வைத்த ரோட்டரைப் படம் எடுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்க 2 ஆண்டு வரை அவகாசம் உண்டு, 5 லட்சம் ரூபாய்க்குள் கட்டணம் கிடையாது.