முள் மீட்டரைக் குத்தி மண் பார்ப்பவர்களிடம் ஏமாறாதீர்கள்

சென்னைப் புறநகரில் ஒரு மொட்டை மாடி. 15 இன்ச் தொட்டிகளில் எலுமிச்சை, கறிவேப்பிலை, செம்பருத்தி. மூன்றுக்கும் கொழுந்து இலை மஞ்சள். வீட்டுக்கே வந்து மண் பார்த்து மருந்து தருவதாக விளம்பரம் செய்யும் ஒருவரை அழைத்திருக்கிறார்கள். வந்தவர் ஈர மண்ணில் ஒரு மீட்டரைக் குத்தினார். முள் 5-இல் நின்றது. "மண்ணு புளிச்சுப் போச்சும்மா, அதான் சத்து ஏறல" என்றார். தொட்டிக்கு இரண்டு கைப்பிடி சுண்ணாம்புத் தூள் போட்டார். ஒரு பாக்கெட் நுண்ணூட்டம், ஒரு பாக்கெட் எப்சம் உப்பு (மக்னீசியம் சல்பேட்), கூடவே அதே மாதிரி மீட்டர் ஒன்று. மொத்தம் 2,400 ரூபாய், பில் கிடையாது. அடுத்த துளிரில் எலுமிச்சை இலை மஞ்சளும் தாண்டி வெளுத்து, நுனி கருகி வந்தது. பிறகு முறையாக அளந்தபோது அந்த மண்ணின் பிஎச் (புளிப்பா காரமா என்று காட்டும் அளவு; 7 நடுநிலை, குறைந்தால் புளிப்பு, கூடினால் காரம்) 8.3. காரத்தில் தவித்துக்கொண்டிருந்த செடிக்கு, காரத்தை இன்னும் கூட்டும் சுண்ணாம்பை வைத்திருக்கிறார் மனிதர்.

இதே கதை வேறு வேறு வீட்டில் நடக்கும் என்பதால் விவரமாக எழுதுகிறோம்.

முதலில் அந்த மீட்டர். பேட்டரி இல்லாமல், இரண்டு மூன்று உலோகக் கம்பியோடு, ஈரம், வெளிச்சம், பிஎச் மூன்றையும் காட்டும் என்று விற்கிறார்களே, அதுதான். இருவேறு உலோகங்கள் ஈர மண்ணில் இறங்கினால் சிறிதளவு மின்சாரம் உண்டாகும். முள்ளை நகர்த்துவது அதுதான். ஈரம் கூடினாலும், உரத்தின் உப்பு கூடினாலும், கம்பி துருப்பிடித்தாலும் முள் இடம் மாறும். காய்ந்த மண்ணில் 7 பக்கம் சும்மா நிற்கும். உரத் தண்ணீர் ஊற்றிய மறுநாள் குத்தினால் 'புளிப்பு' காட்டும். சோதித்துப் பார்ப்பது சுலபம்: டம்ளர் தண்ணீரில் கம்பியை விட்டு முள்ளைக் கவனியுங்கள், பிறகு ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டுக் கலக்குங்கள். உப்பு தண்ணீரின் பிஎச்சை மாற்றாது. முள் மட்டும் நகரும். ஈரம் பார்க்க வேண்டுமானால் விரலே போதும்.

வந்தவர் மீட்டரைப் பார்த்தாரே தவிர இலையைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் சுண்ணாம்புப் பையைத் திறந்தே இருக்க மாட்டார். எந்த இலை மஞ்சளாகிறது என்பதுதான் முதல் கேள்வி. தழைச்சத்து (நைட்ரஜன்), மணிச்சத்து (பாஸ்பரஸ்), சாம்பல் சத்து (பொட்டாசியம்), மக்னீசியம் நான்கையும் செடி பழைய இலையிலிருந்து உருவிக் கொழுந்துக்குக் கொடுத்துவிடும். அதனால் இவை குறைந்தால் அடி இலையில்தான் தெரியும். முழு இலையும் ஒரே மாதிரி வெளிறினால் தழைச்சத்து. ஓரம் தீய்ந்தால் சாம்பல் சத்து. எலுமிச்சையின் முற்றிய இலையில் காம்புப் பக்கம் மட்டும் ஆப்பு வடிவத்தில் பச்சை மிஞ்சினால் மக்னீசியம். இரும்பு, துத்தநாகம், மாங்கனீசு எல்லாம் பழைய இலையிலிருந்து எளிதில் இடம் பெயராது, குறை கொழுந்தில்தான் காட்டும். நரம்பு வலைப்பின்னல் போலப் பச்சையாக இருக்க, நடுவில் மஞ்சள் என்றால் இரும்பு. கொழுந்து சிறுத்து, குறுகி, திட்டுத்திட்டாக மஞ்சளானால் துத்தநாகம்.

கொழுந்தில் இரும்புக் குறை தெரிந்தால் மண்ணில் இரும்பே இல்லை என்று அர்த்தமில்லை. செம்மண்ணின் சிவப்பே இரும்பால் வந்ததுதான். பிஎச் ஒரு படி ஏறினால் மண் கரைசலில் ஃபெரிக் இரும்பின் (துருவில் இருக்கும் வகை இரும்பு) கரைதிறன் சுமார் ஆயிரம் மடங்கு குறையும். 8-க்கு மேலே போன மண்ணில் இரும்பு இருந்தும் வேருக்கு எட்டாது. வேர் அழுகினாலும் கொழுந்து இப்படி மஞ்சளாகலாம் என்பதால், மருந்துக்கு முன் தொட்டியைச் சாய்த்து வேரைப் பாருங்கள். பழுப்பாகி, தொட்டால் தோல் உரிந்து வந்தால், பிரச்சினை தண்ணீர் தேங்குவதுதான்.

இரும்பா இல்லையா என்று உறுதி செய்ய ஒரு ரூபாய்ச் சோதனை இருக்கிறது. நாட்டு மருந்துக் கடையில் அன்னபேதி, அதாவது ஃபெரஸ் சல்பேட், வெளிர்பச்சைக் கட்டியாகக் கிடைக்கும். பழுப்பேறியதை வாங்காதீர்கள், அது காற்றுப் பட்டுக் கெட்டுப்போனது. ஒரு லிட்டர் தண்ணீரில் முதலில் 1 கிராம் எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்), பிறகு 5 கிராம் அன்னபேதி கரைத்து, சாயங்காலம் ஒரே ஒரு மஞ்சள் கொழுந்தில் தூரிகையால் பூசுங்கள். பக்கத்துக் கொழுந்தை விட்டுவிடுங்கள். ஒரு வாரம், பத்து நாளில் பூசிய இடத்தில் பச்சைப் புள்ளிகள் கிளம்பினால் இரும்புதான். மக்னீசியம் சந்தேகமென்றால் லிட்டருக்கு 10 கிராம் எப்சம் உப்பைக் கரைத்து அடி இலையில் அதேபோல் பூசிப் பாருங்கள். எந்த மஞ்சளுக்கும் எப்சம் உப்பு என்கிற பழக்கம் இதோடு ஒழியட்டும். அதில் இரும்பு கிடையாது, அளவு மீறினால் சுண்ணாம்புச் சத்தும் (கால்சியம்) சாம்பல் சத்தும் வேரில் ஏறுவதைத் தடுக்கும். அன்னபேதிக் கரைசல் டைல்ஸில் சிந்தினால் துருக்கறை லேசில் போகாது, அதையும் சொல்லிவிடுகிறோம்.

பிஎச் அளக்க கண்ணாடிக் குமிழ் வைத்த பேனா மீட்டர் வேண்டும். கூடவே வரும் பஃபர் பொடிகளை (பிஎச் எவ்வளவு என்று முன்பே தெரிந்த கரைசல் செய்யும் பொடிகள்) பாக்கெட்டில் சொன்ன அளவு காய்ச்சி வடித்த நீரில் கரைத்து, 6.86-லும் 4.01-லும் சரிபார்த்த பிறகே பயன்படுத்த வேண்டும். மண் 8 பக்கம் போகும் என்று சந்தேகமிருந்தால் 9.18-லும் பாருங்கள். தொட்டியின் மேல்மண்ணை விட்டு, நான்கு விரல் ஆழத்திலிருந்து மண் எடுத்து நிழலில் உலர்த்திச் சலியுங்கள். 20 கிராம் மண்ணுக்கு 50 மில்லி பேட்டரி வாட்டர் (காய்ச்சி வடித்த நீர்; பேட்டரி ஆசிட் அல்ல). அரை மணி நேரம் இடையிடையே கலக்கி, உடனே அளக்கவும். குழாய்த் தண்ணீரில் அளந்தால் தண்ணீரின் காரம்தான் பதிலாக வரும். குமிழைத் துடைக்காதீர்கள், அலசி வையுங்கள். காய்ந்தால் மீட்டர் போச்சு. இவ்வளவு சிரமம் வேண்டாமென்றால் மாவட்ட மண் பரிசோதனை நிலையத்துக்கோ வேளாண் அறிவியல் மையத்துக்கோ மண்ணை எடுத்துப் போகலாம்.

8-ஐத் தாண்டியிருந்தால் பெரும்பாலும் போர் தண்ணீரில் கரைந்திருக்கும் பைகார்பனேட் என்கிற காரப் பொருள்தான் காரணம்; தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் படிகிறதே, அதன் அடையாளம். இன்னொரு காரணம் மண்ணே. கட்டட வேலை நடக்கும் இடத்து மண்ணில் சிமென்ட் தூள் கலந்திருக்கும். உலர்ந்த மண்ணில் வினிகர் விடுங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது. அந்த மண்ணைக் கந்தகம் போட்டு இறக்கலாம் என்று அடுத்த ஆள் வருவார். கணக்குப் பாருங்கள்: 10 கிலோ மண்ணில் ஒரு சதவீதம் சுண்ணாம்பு என்றால் 100 கிராம், அதைத் தீர்க்கவே 32 கிராம் கந்தகம் வேண்டும். அதை நுண்ணுயிர்கள் அமிலமாக மாற்றப் பல வாரம் ஆகும். தொட்டிக்கு ஒரு ஸ்பூன் தூவினால் எங்கே போதும்? நுரைக்கிற மண்ணை மாற்றுவதே வழி. மண்ணில் கந்தகம் கலப்பது நுரைக்காத மண்ணுக்கு மட்டும்.

இரும்புப் பாக்கெட்டில்தான் அடுத்த ஏமாற்று. இரும்பைக் கரைந்த நிலையிலேயே பிடித்து வைக்கும் பொருளோடு சேர்த்து விற்கிறார்கள். கார மண்ணுக்கு ஏற்ற இரும்பு இடிடிஎச்ஏ (EDDHA) வகை. கடையில் அதிகம் கிடைப்பது இடிடிஏ (EDTA) வகை, பிஎச் 6.5-க்கு மேல் அது இரும்பைப் பிடித்து வைக்காது. பெயரில் ஓரிரு எழுத்துதான் வித்தியாசம், விலையில் பல மடங்கு. "இரும்பு 12%" என்று போட்டிருந்தால் அது பொதுவாக இடிடிஏ. இடிடிஎச்ஏ பொதுவாக 6%. பெரிய எண்ணைக் காட்டி இதுதான் உசத்தி என்று விற்பார்கள். தண்ணீரில் ஒரு சிட்டிகை போட்டதும் இடிடிஎச்ஏ ஒயின் நிறத்தில் இறங்கும். சமையல் சோடா கலந்த தண்ணீரில் போட்டால் கொஞ்ச நேரத்தில் பழுப்பாகத் திரிந்து அடியில் படிவது வெறும் அன்னபேதி. 15 இன்ச் தொட்டிக்கு 2 கிராம் இடிடிஎச்ஏ இரும்பை 2 லிட்டரில் கரைத்து, வெயில் தாழ்ந்த பிறகு வேரில் ஊற்றவும். வெளிச்சத்தில் சிதையும் பொருள் அது. பழைய மஞ்சள் இலை முழுசாகப் பச்சையாகாது, அடுத்த துளிரைப் பாருங்கள்.

சுண்ணாம்பு ஏற்கெனவே போட்டுவிட்டவர்கள் தண்ணீர் ஊற்றிக் கழுவ முயல வேண்டாம், சுண்ணாம்பு அப்படிப் போகாது, இன்னும் கீழேதான் இறங்கும். மேல் 3 இன்ச் மண்ணைச் சுரண்டி எறிந்துவிட்டு, மீதியில் வினிகர் சோதனை செய்யுங்கள். நுரைத்தால் செடியை எடுத்து வேரைச் சுற்றியுள்ள மண்ணில் பாதியையாவது உதிர்த்து, நுரைக்காத செம்மண், கழுவிய தென்னை நார்க்கழிவு, மக்கிய தொழு உரம் சேர்த்து மறுநடவு. ஒரு வாரம் நிழலில் வையுங்கள். முடிந்தவரை மழைத் தண்ணீர் சேர்த்து ஊற்றுங்கள்.

பாக்கெட்டில் சத்து அளவு, தயாரிப்பாளர் முகவரி, உரம் என்ற அனுமதி விவரம் எதுவும் இல்லாமல் விற்றால் அது 1985-ஆம் ஆண்டு உரக் கட்டுப்பாட்டு ஆணைக்கு விரோதம். பாக்கெட்டைத் தூக்கிப் போடாமல் படத்தோடு வட்டார வேளாண்மை உதவி இயக்குநர் அலுவலகத்தில் புகார் கொடுங்கள். பணம் சம்பந்தமாக 1915 நுகர்வோர் உதவி எண். பில் இல்லாவிட்டாலும் யுபிஐ ரசீது, அவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி இரண்டையும் அழித்துவிடாதீர்கள்.