பில்லுக்கு அரை விரல்: டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரோடு ஆறு வருடம்

நண்பன் ஒருவன் பார்சல் ஆபீஸ் தொடங்குகிறான். "பில் போட டாட் மேட்ரிக்ஸ் வாங்கலாமா மாப்ள, நீதான் ஆறு வருஷமா அதோட குடும்பம் நடத்துறியே" என்று கேட்டான். ரிப்பன் மேல் ஊசியால் அடித்து எழுத்துப் போடும் பிரிண்டர் அது. போன வாரம்தான் எங்கள் மெஷினுக்கு ஹெட், அதாவது ஊசிகள் இருக்கும் தலை, மாற்றினோம். சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

ஈரோட்டில் நூல் வியாபார ஆபீஸ். வழக்கமான 9 பின் (ஒன்பது ஊசி), வரிக்கு 80 எழுத்து அடிக்கும் மெஷின். பேப்பர் 10க்கு 12 அங்குலம், ஒன்றோடொன்று தொடர்ந்து வரும் தாள், மூன்று பிரதி. நாளுக்கு நாற்பது பில் ஓடும். என்ன கம்பெனி என்று கேட்காதீர்கள், அதன் மேல் எனக்குக் கோபம் இல்லை. இருந்தது, இப்போது இல்லை. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

நல்லதைச் சொல்லாமல் இருக்கக் கூடாது. குடோனும் ஆபீஸும் ஒரே கூரைக்குக் கீழே இருப்பதால் பஞ்சுத் தூசி பறந்துகொண்டே இருக்கும். இதே மேசையில் இரண்டு லேசர் பிரிண்டர்கள் படுத்துவிட்டன. இது படுக்கவே இல்லை. கீழே இருக்கும் பிரதிகளுக்கு ரிப்பன் மையே வேண்டாம், ஊசி அடிக்கிற அழுத்தத்திலேயே எழுத்து விழுந்துவிடும். ரிப்பன் வெளுத்த நாட்களில் சரக்கு வாங்கும் பார்ட்டிக்குப் போகும் முதல் பிரதியைவிட லாரிக்காரர் கையில் இருக்கும் இரண்டாவது பிரதி பளிச்சென்று இருக்கும். சத்தத்தைப் பற்றி எல்லோரும் குறை சொல்வார்கள். எங்களுக்குப் பழகிவிட்டது. பில் ஓடும்போது முதலாளி போனில் "இருங்க, பில் ஓடுது" என்பார், பேசிக்கொண்டிருக்கும் எல்லோரும் பாதி வாக்கியத்தில் நிற்போம், சத்தம் நின்றதும் மீதி வாக்கியம் தொடரும். அது எத்தனை ஐட்டம் பில் என்று காதாலேயே சொல்லிவிடுவேன்.

இனி என் வயிற்றெரிச்சல். ஒவ்வொரு பில்லும் முந்தைய பில்லைவிட அரை விரல் மேலே ஏறி விழும். முதல் பில் சரியாக இருக்கும். நாலாவது பில்லில் கடைப் பெயர் கிழிக்கும் கோட்டின் மேலேயே உட்காரும். கிழித்தால் பெயரின் தலை முந்தைய பில்லோடு போய்விடும். அதனால் ஒரு பில் முடிந்ததும் மெஷின் பக்கவாட்டில் பேப்பரை நகர்த்தும் குமிழைப் பிடித்து அரை விரல் திருகுவேன். டீ குடிக்கப் போய்விட்டு வந்தால், என் இடத்தில் உட்கார்ந்த பையன் திருக மறந்து பத்து பில் பாழாகியிருக்கும். மூன்று பிரதி பேப்பர், சும்மாவா? அவனைத் திட்டியிருக்கிறேன். மெஷினைத் திட்டியதற்குக் கணக்கே இல்லை.

போன வாரம் ஹெட்டில் ஒரு பின் போனது. எழுத்தின் நடுவே வெள்ளைக் கோடு. 8க்கு இடுப்பு இல்லாவிட்டால் அது 0 தானே? 18 மூட்டை என்று போட்ட பில்லில் 10 மூட்டை என்று தெரிய, தறிக்காரர் கேட்டில் வண்டியை நிறுத்திவிட்டார்கள். மெக்கானிக் தம்பி வந்து ஹெட்டை மாற்றினான். சோதனைக்கு இரண்டு பில் ஓட்டினோம். என் கை தானாகக் குமிழுக்குப் போனது.

"ஏனுங்கண்ணா, இதை எதுக்குத் திருகறீங்க? கரண்ட்ல இருக்கும்போது திருகினா உள்ள பல்சக்கரம் தேஞ்சு போயிரும்."

காரணத்தைச் சொன்னேன். சிரித்துக்கொண்டே கம்ப்யூட்டரில் எதையோ திறந்து பார்த்தான். பேப்பர் அளவு ஏ4 என்று இருந்தது. ஏ4 நீளம் 297 மில்லிமீட்டர். எங்கள் பேப்பர் 12 அங்குலம், அதாவது 304.8. பில்லுக்குக் கிட்டத்தட்ட 8 மில்லிமீட்டர் குறைவாகவே பேப்பர் நகர்ந்திருக்கிறது. புதிதாக 10க்கு 12 என்று ஓர் அளவு உண்டாக்கிச் சேமித்தான். இரண்டு நிமிட வேலை. ஆறு வருடமாக நாளுக்கு ஓர் அடி காகிதத்தைக் கையால் உருட்டியிருக்கிறேன்!

ஆக, மெஷின் மேல் தப்பில்லை. நியாயமாகப் பார்த்தால் நான் மன்னிப்புக் கேட்க வேண்டும். கேட்க மனசு வரவில்லை.

ஏனென்றால் இன்னொன்று இருக்கிறது. இ-இன்வாய்ஸ் (ஜிஎஸ்டி தளத்தில் பதிவாகும் பில்) போட வேண்டிய ஆண்டு விற்பனை வரம்பு 5 கோடிக்கு இறங்கிய 2023 ஆகஸ்ட் 1 முதல் நாங்களும் பில்லில் க்யூஆர் கோடு அடிக்க வேண்டும். அதில் டிஜிட்டல் கையெழுத்து, 64 எழுத்து இன்வாய்ஸ் குறிப்பு எண் (ஐஆர்என்) எல்லாம் அடைத்திருப்பதால் கட்டங்கள் கடுகைவிடச் சின்னவை. 9 பின் அடித்தால் மைத் தீற்றல்தான் வரும், எந்தப் போனும் படிக்காது. அதற்காக ஒரு லேசர் வாங்கி, க்யூஆர் தாளைத் தனியாக அடித்து, பில்லோடு ஸ்டேப்ளர் போட்டு அனுப்புகிறோம். இ-இன்வாய்ஸ் பில்லுக்கு மூன்று பிரதி கட்டாயமில்லை என்று ஆடிட்டர் சொல்லிவிட்டார். "அது லாரிக்காரனுக்குத் தெரியுமா?" என்கிறார் முதலாளி. அதுவும் சரிதான்.

நண்பனுக்கு என் பதில்: வாங்காதே. தூசிக்கு அசையாது, செலவு குறைவு, ஆறு வருடத்தில் ஒரே ஒரு ரிப்பேர், எல்லாம் உண்மை. இருந்தாலும் வாங்காதே. நேற்று நான் ஆறு ரிப்பன் ஆர்டர் போட்டது வேறு விஷயம்.

இன்று காலை முதல் பில் ஓடி முடிந்ததும் கை பழக்கத்தில் குமிழைத் திருகிவிட்டது. அப்புறம் வந்த பில்லெல்லாம் அரை விரல் கீழே விழுந்தன. பையன் பார்த்துக்கொண்டே இருந்தான், ஒன்றும் சொல்லவில்லை.