டிராமிசு பிறந்தநாள் கேக்: பிஸ்கட்டா, ஸ்பாஞ்சா, வெஜிடபிள் கிரீமா?

வீட்டு ஆட்களின் பிறந்தநாளுக்கு, காபி மணக்கும் இத்தாலிய இனிப்பான டிராமிசு வகையில் ஒரு கேக் செய்து, மேலே பெயர் போட்டு, மெழுகுவத்தி ஏற்றி வெட்ட வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு மூன்று வழி இருக்கிறது. இத்தாலிக்காரர்கள் செய்வது போல லேடிஃபிங்கர் பிஸ்கட்டை காபியில் முக்கி, முட்டை மஞ்சள்கரு சேர்த்த மஸ்கார்போன் (பால் கிரீமிலிருந்து எடுக்கும் மெத்தென்ற சீஸ்) கிரீமோடு அடுக்குவது ஒன்று. பிஸ்கட்டுக்குப் பதில் ஸ்பாஞ்ச் கேக்கை டிகாக்‌ஷனில் நனைத்து, வீட்டிலேயே எடுத்த மஸ்கார்போனை நடுவில் பூசுவது இரண்டாவது. பேக்கரிகளில் பயன்படுத்தும் வெஜிடபிள் விப்பிங் கிரீமில் காபியைக் கலந்து செய்வது மூன்றாவது. தர்மபுரியில் இருந்துகொண்டு மூன்றையும் செய்த பிறகு நான் நின்றது ஸ்பாஞ்சில். இப்போது எங்கள் வீட்டில் பிறந்தநாள் என்றால் அதுதான். ஓசூரில் இருக்கும் என் நாத்தனார் பிஸ்கட் வகையை விட்டு இறங்க மாட்டார். அவர் செய்வதும் அருமையாகத்தான் இருக்கும். அதற்கு ஊர் ஒரு காரணம், அதைப் பிறகு சொல்கிறேன்.

ருசியில் பிஸ்கட் வகைக்குத்தான் முதலிடம். இரண்டாவது அதற்குக் கொஞ்சம் பக்கத்தில் வரும். மூன்றாவதில் எண்ணெய்க் கொழுப்பு நாக்கில் ஒரு படலமாக ஒட்டிக்கொள்வதால் காபியின் கசப்பும் கோகோவின் வாசமும் மேலே வருவதே இல்லை. செலவில் மூன்றாவதுதான் குறைவு, பிஸ்கட் வகைதான் அதிகம். லேடிஃபிங்கரும் டப்பா மஸ்கார்போனும் பெங்களூரிலிருந்து வருகிறவர்களிடம் சொல்லி வாங்க வேண்டும், அல்லது ஆன்லைனில் போட வேண்டும். அப்படி வரும் மஸ்கார்போன் வழியில் சூடு பட்டிருந்தால் வீண். இதையெல்லாம் நீங்களே ஊகித்திருப்பீர்கள்.

“டிராமிசு என்றால் கண்ணாடிப் பாத்திரத்தில் வைத்துக் கரண்டியால் எடுப்பதுதானே, அதை ஏன் கேக்காக நிறுத்த வேண்டும்?” என்று சிலர் கேட்கிறார்கள். இது பிரபலமானது இத்தாலியில் திரேவிசோ நகரில் உள்ள லே பெக்கெரியே என்ற உணவகத்திலிருந்து என்று பொதுவாகச் சொல்வார்கள். 1972-ல் அங்கே மெனுவில் சேர்த்தார்கள். பக்கத்தில் இருக்கும் ஃபிரியூலிப் பகுதிக்காரர்கள் அது தங்களுடையது என்று இன்றும் வாதாடுகிறார்கள். திரேவிசோவில் செய்த முதல் வடிவம் வட்டம்தான். அதில் மதுவும் கிடையாது. அதனால் வட்டமாக, மது இல்லாமல், குழந்தைகள் இருக்கிற வீட்டில் செய்வதில் எந்தக் குறையும் இல்லை.

எனக்கு முடிவைத் தந்த விஷயம் ஒன்றே ஒன்று. ஃபிரிட்ஜிலிருந்து வெளியே எடுத்த பிறகு கேக் எவ்வளவு நேரம் நிற்கும்?

நம் வீட்டுப் பிறந்தநாள் எப்படி நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். ஆறு மணிக்கு வெட்டுவதாகச் சொல்லியிருப்போம். சித்தப்பா பென்னாகரத்திலிருந்து பஸ் ஏறிவிட்டேன் என்று போன் செய்வார், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் டியூஷன் முடிந்து வர வேண்டும், பெரியவர்களுக்கு விளக்கு வைக்கிற நேரம் தாண்ட வேண்டும். இதற்கு நடுவில் எல்லாரும் கேக்கைப் பார்க்க வேண்டும், போட்டோ எடுக்க வேண்டும் என்று யாராவது அதை முன்னாடியே மேஜையில் கொண்டுவந்து வைத்துவிடுவார்கள். ஹாலில் பத்து இருபது பேர், ஃபேன் மட்டும் ஓடுகிறது. தர்மபுரியில் ஏப்ரல், மே என்றால் இருட்டிய பிறகும் சுவரிலிருந்து சூடு இறங்காது.

பால் கொழுப்பில் செய்த கிரீம் இந்தச் சூட்டில் என்ன ஆகும் என்பதைக் கிட்டத்தில் நின்று பார்த்திருக்கிறேன். முதலில் கிரீமின் ஓரம் மங்கலாக இருப்பது போய், எண்ணெய் தடவினாற்போல் பளபளக்கும். அடுத்து மேலே தூவிய கோகோ அங்கங்கே ஈரம் இழுத்துத் திட்டுத் திட்டாகக் கறுக்கும். அப்புறம் சுற்றிலும் நிறுத்தி ரிப்பன் கட்டிய பிஸ்கட்டுகள் அந்த ரிப்பனோடு சேர்ந்து வெளிப்பக்கம் சாயும். பிஸ்கட் வகையில் இந்த மூன்றும் கால் மணி நேரத்துக்குள் வந்துவிடும். காரணம் கிரீம் மட்டும் இல்லை. லேடிஃபிங்கர் உள்ளே காற்றுப் பிடித்த காய்ந்த பிஸ்கட், காபியில் போட்டதும் ஒரே இழுப்பில் குடித்துவிடும். ஒரு நொடி கூடினால் கையில் எடுக்கும்போதே தொங்கும். அப்படிக் குடித்ததை இரவு முழுக்க அடியில் கொஞ்சம் கொஞ்சமாக விடும். கண்ணாடிப் பாத்திரத்தில் அது ஒரு பிரச்சினையே இல்லை, கரண்டியில் அள்ளும்போது அதுதான் சுகம். நான்கு பக்கமும் திறந்து நிற்கிற கேக்கில் அந்த அடித்தட்டுதான் முதலில் இடம் கொடுக்கும்.

ஸ்பாஞ்சில் ஈரத்தின் அளவு நம் கையில் இருக்கிறது. ஏழு அங்குல டின்னில் சுட்ட ஸ்பாஞ்சைக் கிடைவாக்கில் மூன்று தட்டாக வெட்டினால், ஒரு தட்டுக்கு நான்கு மேஜைக்கரண்டி டிகாக்‌ஷன் போதும். அடித்தட்டுக்கு மூன்றோடு நிறுத்துவேன், மேலே இருப்பதன் ஈரமும் கனமும் அதில்தான் இறங்கும். ஓரத்தில் ஒரு விரல் அகலம் விட்டு நடுவில் ஊற்றினால் மெதுவாகப் பரவி ஓரத்துக்குத் தானே வந்துவிடும். நான்கு முட்டைக்கு 120 கிராம் சர்க்கரை, 120 கிராம் மைதா என்ற கணக்கில், வெண்ணெய் இல்லாமல் நன்றாக அடித்துச் செய்கிற ஸ்பாஞ்ச் இதற்குச் சரியாக இருக்கும். வெண்ணெய் கேக் ஈரத்தை உள்ளே விடாது, மேலேயே வழியும்.

முட்டை சேர்க்காத ஸ்பாஞ்சில் எனக்கு அனுபவம் குறைவு. மாமியாருக்காகத் தயிர் சேர்த்துச் செய்ததில் ருசி நன்றாக இருந்தது. ஆனால் மூன்று கரண்டிக்கு மேல் போனால் பொடிந்தது. அப்படிச் செய்கிறவர்கள் இரண்டே தட்டாக, உயரம் குறைவாக வைப்பது நல்லது என்று நினைக்கிறேன்.

அடுத்தது கிரீம். மஸ்கார்போனை வீட்டில் எடுப்பது பன்னீர் எடுப்பதை விடச் சுலபம். அரை லிட்டர் கிரீமை அடி கனமான பாத்திரத்தில் சிறு தீயில் வைத்து, ஓரத்தில் பொடிக் குமிழி வரும்போது, கொதிக்க விடாமல், ஒரு மேஜைக்கரண்டி எலுமிச்சைச் சாறு விட்டுக் கிளற வேண்டும். தெர்மாமீட்டர் இருந்தால் 85 டிகிரி. பால் மாதிரி திரியாது, கரண்டியின் பின்பக்கம் பிடிக்கிற அளவுக்குக் கெட்டியாகும். ஆறிய பிறகு வெள்ளை வேட்டித் துணியில் ஊற்றி, வடிகட்டியில் வைத்து, ஃபிரிட்ஜில் ஒரு ராத்திரி விட்டால் தண்ணீர் இறங்கிவிடும். சாதாரணக் கடைகளில் கிடைக்கும் ஃபிரெஷ் கிரீமில் 25 சதவீதம்தான் கொழுப்பு. அதில் எடுத்தால் தளர்வாக வரும். விப்பிங் கிரீம் என்றே விற்கிற பால் கிரீம் கிடைத்தால் அதை எடுத்துக்கொள்ளுங்கள். பீட்டரை வைத்து ரொம்ப அடிக்கக் கூடாது, மஸ்கார்போன் பிரிந்து வெண்ணெயும் நீருமாகப் போய்விடும். சர்க்கரையைக் கையாலேயே கலந்துவிடலாம்.

இதை அப்படியே வெளியில் பூசினால் பிஸ்கட் வகையின் கதிதான் வரும், கொஞ்சம் தாமதமாக. அதனால் நடுவில் வைப்பதற்கு முழு மஸ்கார்போன் கலவை. வெளிப்பூச்சுக்கு மட்டும் அந்தக் கலவை மூன்று பங்கு, அடித்த வெஜிடபிள் கிரீம் ஒரு பங்கு. ஒவ்வொரு தட்டின் ஓரத்திலும் இதையே வரப்பாகப் பைப் செய்துவிட்டு உள்ளே மென்மையான மஸ்கார்போன் கிரீமை நிரப்புவேன். வெஜிடபிள் கிரீமில் ஏற்கெனவே இனிப்பு இருக்கும், சர்க்கரையைக் குறைத்துவிடுங்கள். இப்படிச் செய்த கேக் கோடையில் எங்கள் ஹாலில் முக்கால் மணி நேரம் வடிவம் மாறாமல் நின்றிருக்கிறது. மார்கழியில் பிறந்தநாள் வந்தால் கவலையே இல்லை.

முழுக்க வெஜிடபிள் கிரீமில் செய்தது மணிக்கணக்கில் நிற்கும். அதை மறுக்க முடியாது. சாயங்காலம் மண்டபத்தில், நூறு பேருக்கு நடுவில் வெட்டப்போகிறீர்கள் என்றால் அதையே செய்யுங்கள். ரோஜாப் பூ பைப்பிங், உயர உயர அடுக்கு எல்லாம் அதில்தான் கூர்மையாக வரும். ஆனால் நம் கையால் பிரியப்பட்டு ஒருவருக்குச் செய்கிறோம், அவர் முதல் வாய் வைக்கும்போது காபியும் பாலும் தெரிய வேண்டும் என்பது எனக்கு முக்கியம். பேக்கரியில் கிடைக்கிற ருசிக்கு வீட்டில் இரண்டு நாள் வேலை செய்ய எனக்கு மனம் வரவில்லை.

பிஸ்கட் வகையில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. அதில் மஞ்சள்கரு பச்சையாகவே போகும். நான் செய்யும்போது சர்க்கரையோடு சேர்த்து, கொதிக்கிற தண்ணீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்து, கெட்டியாகும் வரை அடித்துவிடுவேன், 70 டிகிரியைத் தாண்ட வேண்டும். அப்படிச் செய்தாலும் 32 டிகிரிக்கு மேல் இருக்கிற அறையில் இந்தக் கிரீமை ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைப்பது பாதுகாப்பு இல்லை. வயதானவர்களும் கைக்குழந்தைகளும் சாப்பிடுகிற வீட்டில் இதை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. ஸ்பாஞ்ச் வகையில் நான் மஞ்சள்கரு சேர்ப்பதே இல்லை.

ஓசூர் விஷயத்துக்கு வருகிறேன். ஓசூர் கிட்டத்தட்ட 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, தர்மபுரி அதில் பாதி உயரம்தான். அங்கே சாயங்காலம் ஜன்னலைத் திறந்தால் குளிர்காற்று வரும். நாத்தனாரின் பிஸ்கட் கேக், சுற்றிலும் லேடிஃபிங்கரை வேலி மாதிரி நிறுத்தி ரிப்பன் கட்டியது, கேக் வெட்டி முடிக்கும் வரை நேராக நிற்கும். அதே கையால், அதே பொருளை வைத்து அவர் எங்கள் வீட்டில் செய்தபோது சாய்ந்தது. ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் இருப்பவர்கள் தாராளமாகப் பிஸ்கட் வகையைச் செய்யலாம். கிருஷ்ணகிரியில் தொடங்கித் தெற்கே காரிமங்கலம், தர்மபுரி, அரூர் என்று இறங்க இறங்க ஸ்பாஞ்ச்தான் கைகொடுக்கும். அடுக்கிய கேக்கைக் காரில் வைத்து ரொம்ப தூரம் கொண்டுபோனதில்லை. தொப்பூர் கணவாய் இறங்கிச் சேலம் போக வேண்டும் என்றால், தட்டுகளையும் கிரீமையும் தனித்தனியாக ஐஸ் பெட்டியில் கொண்டுபோய் அங்கேயே அடுக்குவேன்.

டிகாக்‌ஷனுக்குப் பித்தளை ஃபில்டரில் முதலில் இறங்குவதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். சிக்கரி அதிகம் சேர்ந்த தூள் வேண்டாம், குளிர்ந்த கேக்கில் அதன் கசப்பு தனியாக நிற்கும். சூடாக ஊற்றவும் கூடாது. முந்தின நாள் ராத்திரியே அடுக்கி வைத்துவிடுங்கள், மறுநாள் ருசி கூடியிருக்கும். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அன்றைக்கு இருக்கிறதா என்று பேப்பரில் பார்த்துவிட்டு நாள் குறிப்பது எங்கள் வழக்கம். காலை முதல் மாலை வரை ஃபிரிட்ஜ் ஓடாவிட்டால் எந்த வகையும் தாங்காது.

அலங்காரத்துக்கு இந்தக் கேக்கில் கலர் தேவையே இல்லை, கோகோவே போதும். கெட்டி அட்டையில் பெயரைத் தமிழில் எழுதி, பிளேடால் வெட்டி எடுத்து, கேக் மேல் படாமல் ஒரு விரற்கடை உயரத்தில் பிடித்துக்கொண்டு, டீ வடிகட்டியில் கோகோவைத் தட்ட வேண்டும். ‘ழ’, ‘ணி’ போன்ற எழுத்துகளில் உள்ளே இருக்கிற சுழி தனியாகக் கழன்று விழும், அதைப் பிடித்து வைக்க ஒரு மெல்லிய பாலம் விட்டு வெட்டுங்கள். ஓசூர் ரோஜா அழகாக இருக்கும் என்று கேக்கில் சொருகுகிறார்கள். அது பூச்சிமருந்து அடித்து வளர்த்த பூ, கிரீமில் காம்பு படவே கூடாது. தட்டைச் சுற்றி வைத்தால் போதும். கேக் வெட்டுவதற்குப் பத்து நிமிடம் முன்னால்தான் கோகோவைத் தூவ வேண்டும், ராத்திரியே தூவினால் காலையில் பெயர் இருக்காது.

காபி பிடிக்காத குழந்தைகளுக்கு இதே ஸ்பாஞ்சில் மாம்பழம் சேர்த்துச் செய்கிறேன். கிருஷ்ணகிரியில் கூழ் தொழிற்சாலைகளுக்குப் போகிற பெங்களூரா மாம்பழம் இதற்குப் புளிப்பு. செந்தூராவோ அல்போன்சாவோ பழுத்ததாக வாங்கி, அரைத்து, வடிகட்டி, டிகாக்‌ஷனுக்குப் பதில் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து ஊற்றலாம். அந்தச் சமயத்தில் கோகோ வேண்டாம், மேலே பொடியாக நறுக்கிய பழத்தை வெட்டுவதற்கு முன்னால் பரப்பினால் போதும்.