என்பா, கசியிழையமா?

மட்டக்களப்புச் சந்தையில் பாரையையும் சிறு சுறாவையும் அடுத்தடுத்து வெட்டும்போது கவனியுங்கள். பாரையின் நடுமுள்ளில் கத்தி நறுக்கென்று முட்டும். சுறாவின் தண்டோ வழுவழுவென்று அறுபடும். சுறாவுக்கு என்பே (எலும்பே) கிடையாது. அதன் சட்டகம் முழுவதும் கசியிழையம், அதாவது குருத்தெலும்பு. (வறை செய்கிறவர்களுக்கு அது எவ்வளவு வசதி!)

மேலணி (போர்வைப் படை), தசை, நரம்பு, தொடுப்பு (இணைத்துத் தாங்குவது) என்ற நான்கு வகை இழையங்களில் நம் உடலின் என்பும் கசியிழையமும் தொடுப்பிழையத்தையே சேர்ந்தவை. இரண்டிலும் கலங்கள் சிறு குழிகளுக்குள் இருக்கின்றன. இரண்டிலும் கொலாஜன் என்ற புரத நார் உண்டு. என்பில் கல்சியம் பொசுபேற்று படிந்திருப்பதால் அது சுமை தாங்கும். கசியிழையம் வளைந்துகொடுக்கும், காதுமடலை மடித்துவிட்டுப் பாருங்கள்.

பரீட்சைத்தாளில் மாணவர்கள் எளிதில் கோட்டைவிடும் வேறுபாடு குருதிதான். என்புக்குள் குருதிக்கலன்கள் ஓடுகின்றன. அதனால்தான் அம்பாறை வயல் வரம்பில் வழுக்கி விழுந்தவரின் முறிந்த கை பெரும்பாலும் 6 முதல் 12 வாரங்களில் பொருந்திவிடுகிறது. கசியிழையத்துக்குள் குருதிக்கலன்கள் இல்லை. சுற்றியுள்ள பாய்மத்திலிருந்து ஊட்டம் மெல்லப் பரவி வரவேண்டும். முழங்காலில் அது தேய்ந்தால் தானாக மீள்வது அரிது.

வலிமையை மட்டும் பார்த்து என்பை உயர்த்திப் பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை. மூட்டில் மிகக் குறைந்த உராய்வுடன் வழுக்கிச் செல்லும் வேலை என்பால் ஆகாது. கருவில் என்புக்கூட்டின் பெரும்பகுதி முதலில் கசியிழையமாகவே உருவாகி, பின்னரே என்பாகிறது. நீண்ட என்புகளின் நுனியருகே எஞ்சியிருக்கும் கசியிழையத் தட்டுகள் மூடிக்கொண்டதும் நாம் உயர்வதும் நின்றுவிடுகிறது.